வீட்டுக் கடனும் அம்மா சொன்ன இரண்டு வாக்கியங்களும்

அப்பா வேலை செய்த கந்தோருக்கு அந்தச் சுற்றறிக்கை வந்தபோது அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஏழு மாதம் இருந்தது. அரசாங்க உத்தியோகத்தர்கள் வீடு வாங்கக் குறைந்த வட்டியில் கடன் எடுக்கலாம். தவணை சம்பளத்திலேயே கழியும். ஆனால் ஐம்பத்தைந்து வயது நிறைவதற்குள் கடன் அனுமதியாகியிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் இல்லை. அப்பா அந்தக் கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார். அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் தந்தார்.

"இதை ஒருக்கா வடிவா வாசிச்சுப் பார் பிள்ளை. எனக்கு ஏலுமோ எண்டு சொல்லு."

ஏலும் என்றுதான் இருந்தது. நான் அப்போது பொரளையில் கட்டட வரைபடம் செய்யும் ஒரு நிறுவனத்தில் படவரைஞராக வேலை செய்தேன். வரைபடம் என்றால் முதலில் பட்டியல் வேண்டும். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் ஒரு நிலைக்கு வரும். அன்றே ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் தேவையானவற்றை எழுதினேன். வீட்டின் உறுதிப் பத்திரம், அதற்கு முந்திய உறுதிகள், நில அளவைப் படம், மாநகரசபை அனுமதித்த கட்டடப் படம், மதிப்பீடு, இரண்டு பிணையாளிகள், அப்பாவின் சேவைச் சான்று, குடும்ப விபரப் படிவம், கள உத்தியோகத்தரின் விசாரணை. இன்னும் சில சேர்த்து எல்லாமாகப் பதினாறு. பதினேழாவதாக எதுவும் கேட்கப்படவில்லை. நானாகத்தான் எழுதினேன்: அம்மாவுக்கு இப்போது சொல்வதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா கொழும்பில் வேலை பார்க்க, அம்மா யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். நான் படிக்க வந்து அப்பாவோடு தங்கினேன். பிறகு சண்டையால் ஊரில் எல்லாரும் இடம்பெயர்ந்தார்கள். அம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கண் சிகிச்சை என்று காரணம் காட்டி வவுனியாவில், கொழும்புக்கு வந்து தங்க அனுமதிக்கும் பாஸ் எடுத்து எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த மூன்று வருடத்தில் நான்கு அறை மாறினோம். ஒரு வீட்டுக்காரரின் மகன் திரும்பி வந்தான். ஒரு வீட்டுக்காரருக்குச் சோதனைக்கு வருகிற பொலிஸைக் கண்டு பயம். மூன்றாவது வீட்டில், நகரத்தில் குண்டு வெடித்த மறுநாள் வீட்டுக்கார அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்து நின்றார். அவரைக் கோபிக்க எங்களால் முடியவில்லை. நான்காவது கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் ஒன்றரை அறை. அம்மா பாத்திரங்களில் பாதியைச் சாக்கிலேயே கட்டி வைத்திருந்தார்.

இடையில் தெஹிவளையில் ஒரு சின்ன வீடு சரிவரும் போல இருந்தது. அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினோம். சாமிப் படம் எங்கே, அரிசி வாளி எங்கே, மழைக்கு எங்கே உடுப்புக் காயப்போடுவது என்று எல்லாம் தீர்மானித்துவிட்டார். உறுதியில் பிழை என்று அது விட்டுப்போனது. அம்மா அழவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். இனி வீட்டுக் கதவின் திறப்பு கைக்கு வந்த பிறகுதான் சொல்வது என்று அப்பாவும் நானும் முடிவெடுத்தது அப்போதுதான்.

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில், அந்த வீடு கிடைத்தது. ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ரீச்சருடையது. கணவர் இல்லை, மகளிடம் கனடா போவதற்காக விற்கிறார். அப்பாவுக்கு அரசாங்கக் கடன் வரவேண்டும், மாதங்கள் எடுக்கும் என்று சொன்னோம்.

"கடன் எண்டால் ரெண்டு கிழமையிலயும் வராது, ரெண்டு வருஷத்திலயும் வராது. என்ர மனுசனும் உத்தியோகத்தர்தான். எனக்குத் தெரியும்," என்றார் ரீச்சர். "பரவாயில்லை. விசா வருமட்டும் நான் இஞ்சதானே. பார்ப்பம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெள்ளவத்தைக்குப் போவோம். அப்பா ஒவ்வொரு முறையும் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார். நான் அளவுநாடா கொண்டுபோவேன். குசினியின் மேடை உயரமாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் அம்மா ஒரு பலகைத் துண்டின் மேல் ஏறி நின்றுதான் சமைப்பார். அம்மாவுக்குச் சரியான உயரத்தில் மேடைக்குப் படம் கீற வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மேடைக்கு வேண்டியது நிற்பவரின் முழங்கை உயரம். ஒருநாள் சட்டை தைக்க என்று சொல்லி அம்மாவைச் சுவரோடு நிறுத்தினேன்.

"சட்டைக்கு முழங்கையிலயிருந்து நிலம் வரைக்கும் என்னத்துக்கு அளக்கிறாய்?"

"அசையாமல் நில்லுங்கோ அம்மா."

"கவுண் தைக்கிறியோ எனக்கு? இந்த வயசில போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போறன் பார்."

அந்த அளவின்படி மேடை இரண்டரை அங்குலம் கீழே பதிய வேண்டும். என் கந்தோரில் மத்தியான இடைவேளையில் அதை வரைந்து முடித்து ரீச்சரின் வீட்டிலேயே வைத்தேன். எங்கள் அறையில் வைத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவார்.

பிணையாளிகள் இருவரும் அப்பாவோடு வேலை செய்தவர்கள். ஒருவர் சிங்களப் பெண்மணி. கேட்ட மறுநாளே கையெழுத்திட்டுத் தந்தார். மற்றவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம் கிளார்க். அவர் வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. படிவத்தை வாங்க அப்பாவின் கந்தோருக்கு நானே போயிருந்தேன்.

"மகள், ஒங்கட வாப்பா ராவோட ராவா கனடாவுக்குப் பாஞ்சிட்டா என்ட சம்பளத்துலதானே வெட்டுவானுங்க?"

"அவருக்குக் கடவுச்சீட்டே இல்லை அங்கிள்."

"அதான் பயமே. இல்லாத ஆளுதான் பாயும்." சொல்லிக்கொண்டே மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டார். அப்பா பக்கத்து மேசையில் கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அந்த வருடம் வேறெப்போதும் காணவில்லை.

பதினைந்து விடயங்கள் முடிந்துவிட்டன. பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கள விசாரணை ஒன்றுதான் மிச்சம். உத்தியோகத்தர் ஒருவர் விண்ணப்பதாரி தற்போது வசிக்கும் இடத்துக்கு வந்து, குடும்பம் அவரோடு இருக்கிறதா, வாங்கும் வீட்டில் அவர்கள்தான் நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறார்களா என்று பார்ப்பார் எனக் கடிதம் வந்தது. எந்த நாள் என்று இல்லை. வரும் இரண்டு கிழமைக்குள். நான் அந்த வரியைக் கொப்பியில் கோடிட்டேன். அம்மாவுக்குச் சொல்வதா என்று யோசிக்கவேயில்லை. அது பதினேழாவதில் முடிவான விடயம்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு வாக்கியம் மட்டும் தெரியும். பகலில் தனியாக இருக்கும்போது சோதனைக்கு ஆட்கள் வந்தால் சொல்வதற்காக அப்பா பழக்கி வைத்தவை. "எஸ் பெஹெத் கன்ன ஆவே. டிக்க தவஸகின் யனவா." கண்ணுக்கு மருந்தெடுக்க வந்தனாங்கள், கொஞ்ச நாளில் போய்விடுவோம். பாஸில் அப்படித்தான் இருந்தது. பொலிஸில் பதிந்த படிவத்திலும், வந்த காரணம் என்ற இடத்தில் கண் சிகிச்சை, எவ்வளவு காலம் என்ற இடத்தில் தற்காலிகம் என்று அப்பா எழுதியிருந்தார். நிரந்தரம் என்று மாற்றுவதானால் ஊரிலிருந்து கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்றார்கள். ஊரில் கிராம சேவகரும் இல்லை, கிராமமும் இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தற்காலிகத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். கடதாசியில் உள்ளதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். முதல் நாட்களில் அம்மா அரிசி களையும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பழகுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அம்மா தேத்தண்ணியோடு காத்துக்கொண்டிருந்தார். அப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இண்டைக்கு ஒருத்தன் வந்தவன்," என்றார். "சிவில் உடுப்பு. கையில பைல். நல்ல மரியாதையான ஆள், சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தது. ஆனா கேள்வியெல்லாம் அதே கேள்விதான். எத்தினை பேர், ஆர் ஆர், எப்ப வந்தனீங்கள், எவ்வளவு காலம் இருப்பியள் எண்டு விரலை மடக்கி மடக்கிக் கேட்டவன்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் என்ன சொன்னீர்?"

"என்ன சொல்லுறது? நீங்கள் சொல்லித் தந்ததைத்தான். ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னனான். அவன் நம்பாத மாதிரி திருப்பிக் கேட்டான். நானும் விடயில்லை, பாஸையும் எடுத்துக் காட்டித் திருப்பிச் சொன்னன். பிறகு எழுதிக்கொண்டு போட்டான்." அம்மா என்னைப் பார்த்தார். "முந்தியெண்டா எனக்குக் கை நடுங்கும். இண்டைக்கு நடுங்கயில்லை."

நான் கொப்பியில் கோடிட்ட வரியை நினைத்தேன். பிறகு அப்பா, "நல்லாச் சொல்லியிருக்கிறீர்," என்றார்.

அடுத்த நாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் கடன் கந்தோருக்குப் போனோம். அறிக்கை எங்களுக்கு முன்பே கோப்புக்குள் போயிருந்தது. அதில் எழுதியிருந்தது இது: மனைவி தற்காலிகமாகத் தங்கியிருப்பதாகவும் விரைவில் சொந்த ஊர் திரும்பவிருப்பதாகவும் தாமே கூறினார், அதற்கான அனுமதிப் பத்திரத்தையும் காட்டினார், ஆகவே இவ்வீடு குடும்பத்தின் நிரந்தர வதிவிடத்துக்காகக் கேட்கப்படுவதாகத் தெரியவில்லை. அப்பா சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். என் மனைவி அவரைப் பொலிஸ் என்று நினைத்துவிட்டார், பயத்தில் சொன்னது.

மேசைக்கு அப்பால் இருந்த தலைமை எழுதுவினைஞர் கெட்டவர் அல்ல. அம்மா வயதுதான் அவருக்கும் இருக்கும். அப்பாவுக்கு ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். "அன்றைக்கு மனைவி சொன்னது உண்மையல்ல, அவர் நிரந்தரமாகக் கொழும்பில்தான் இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். நான் இந்த மாதமே வேறு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன்."

அவர் உதவி செய்யத்தான் சொன்னார். அப்பா பேனையை எடுத்தார். திகதி எழுதினார், முகவரி எழுதினார், ஒரு வரி எழுதினார். அதற்குமேல் பேனை நகரவில்லை. கடன் கந்தோருக்குச் சொன்னது பொய் என்றால் பாஸில் உள்ளதும் பொய். பொலிஸ் படிவத்தில் அவர் கைப்பட எழுதியதும் பொய். ஒரு அரசாங்கக் கோப்பில் அதைத் தன் கையெழுத்தோடு வைத்துவிட்டு, பகலில் அம்மாவைத் தனியே விட்டு அவர் எப்படி வேலைக்குப் போவார்? நான் பக்கத்தில் நின்றேன். எழுதுங்கோ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்து வருகிறேன் என்றார்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து, யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "இந்தக் கடதாசி ஆரின்ர கைக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. வீடில்லாமல் எங்களால இருக்க ஏலும்."

வேறு வழி இருக்கிறதா என்று நான் ஒரு மாதம் பார்த்தேன். கிராம சேவகர் கடிதத்துக்காக, வவுனியாவில் பாஸ் கொடுத்த கந்தோருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. பிறந்தநாள் வந்தது. அம்மா பால்சோறு பொங்கினார். அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரீச்சர் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தார். நான் கொப்பியைக் கிழிக்கவில்லை. என் கந்தோர் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

அம்மாவுக்கு இது தெரியாமலே போயிருக்கலாம். ஆனால் எட்டு மாதம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் போனோம். கனடா விசா இழுபட்டு ரீச்சர் வெள்ளவத்தையிலேயே உறவினர் வீட்டில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, நீங்கள் ஒருக்காலாவது வந்து பார்ப்பியள் எண்டு நினைச்சன். அவர் எத்தினை ஞாயிற்றுக்கிழமை வந்தவர். இந்தப் பிள்ளை குசினி மேடையை உங்கட உயரத்துக்குப் பதிக்க வேணும் எண்டு படமெல்லாம் கீறி வச்சவ. வாங்கின ஆக்களிட்டச் சொன்னன், அவைக்கு அது வேண்டாமாம். ஏன் அக்கா, கடன் கடைசியில என்ன நடந்தது?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ரீச்சரிடம், "அது சரிவரயில்லை," என்று மட்டும் சொன்னார், எல்லாம் தெரிந்தவர் போல.

அம்மா வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்த பிறகு கேட்டார்.

"சட்டைக்கு அளந்தது அதுக்குத்தானோ?"

"ஓம்."

"அந்தப் பைலோட வந்த ஆள்."

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

"அவன் பொலிஸ் இல்லையோ?"

"இல்லை அம்மா. கடன் கந்தோர். நீங்கள் ஊருக்குப் போறியள் எண்டு எழுதி வச்சிட்டார்."

அம்மா கட்டிலில் இருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "வாறான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டன் பிள்ளை," என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. அப்படி இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். உங்களுக்குச் சந்தோஷமாகச் சொல்ல நினைத்தோம் என்று இனிச் சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டுக்காக நான் எழுதிய பதினேழு வரிகளில் பிழையாக இருந்தது நானாகச் சேர்த்த ஒன்று மட்டும்தான்.

மறுநாள் பதினொரு மணிபோல என் கந்தோருக்கு ஒரு தொலைபேசி வந்தது. கடன் கந்தோரிலிருந்து. உங்கள் அம்மா இங்கே இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா அதுவரை கொழும்பில் தனியாகப் பஸ் ஏறியதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையும் பாஸும் கையில். இன்னும் ஒரு துண்டுக் கடதாசி. கீழ்வீட்டு அன்ரியிடம் வழி கேட்டு, அவரைக் கொண்டே ஒரு சிங்கள வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவித்திருந்தார். "அப்பி யன்னே நே. மெஹே தமய் இன்னே." நாங்கள் போகவில்லை, இங்கேதான் இருக்கிறோம்.

அன்றைக்கு எங்கள் அறைக்கு வந்த கள உத்தியோகத்தரே என்னிடம் வந்தார். என் அப்பாவை விட இளையவர். "நாலு தரம் சொல்லிவிட்டார், நங்கி," என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஆளையும் நினைவிருக்கிறது, வீட்டையும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன். அவருக்கு அது விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இப்போது வயதெல்லை போய்விட்டது, கோப்பும் மூடியாயிற்று. அதை அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை."

நான் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். அப்பாவின் வயது, மூடிய கோப்பு, விற்றுப்போன வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"வீடு போனது தெரியும்," என்றார் அம்மா. "இனி வீடு தா எண்டு கேக்க வரயில்லை. நான் போறன் எண்டு சொன்னதா அதில எழுதிக் கிடக்காம். அதை வெட்டிவிடச் சொல்லு."

உத்தியோகத்தரின் மேசைக்குப் போய்க் கேட்டேன். வெட்ட முடியாது என்றார். நான் எதிர்பார்த்ததுதான். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா துண்டுக் கடதாசியைப் பாஸுக்குள் வைத்து மூடி, எழுந்து, அந்த மனிதரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் எழுந்து நின்றார்.

வெளியே வந்ததும், "இஞ்சயிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் இருக்கோ?" என்று கேட்டார்.

மத்தியான வெயிலில் அந்த ஒழுங்கையின் முனையில் நின்றோம். இரண்டாம் மாடியில் நீலத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் உடுப்புகள் காய்ந்தன. குசினி யன்னல் எது என்று கேட்டார். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது என்றேன். அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"காலமை வெயில் வராது போல. இருட்டுக் குசினி எண்டா எனக்குச் சரிவராதுதானே," என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று தெரிந்தது. அந்த வீட்டின் திசை எனக்கு மனப்பாடம். ஆம் என்று சொல்லியிருக்கலாம்.

"வரும் அம்மா," என்றேன். "அது கிழக்குப் பக்கம்."

அம்மா கையை இறக்கினார். "வருமோ," என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தெருவில் நின்றபடியே, கொழும்புக்கு வந்த பிறகு முதல் தடவையாக அழுதார்.